மான்கொம்பு பெர்ன்: பழுத்த இலையை உரிக்காதீர்கள்

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் சின்ன நர்சரி வைத்திருக்கிறேன். மான்கொம்பு பெர்ன் செடிகளில் அடியில் வட்டமாக இருக்கும் இலைகள் பழுப்பாகிக் காய்கின்றன. நீள இலைகளின் நுனியிலும் அடிப்பக்கம் பழுப்புத் திட்டு. காய்ந்ததை உரித்துவிட்டுப் பூஞ்சணக்கொல்லி அடித்தும் நிற்கவில்லை. செம்மண் கலவைத் தொட்டியில் வைத்து, தினமும் தண்ணீர் விடுகிறேன். இது என்ன நோய்?

பதில்: இரண்டுமே நோய் இல்லை அம்மா. மருந்தை நிறுத்துங்கள், அதற்கும் முன்னால் உரிப்பதை நிறுத்துங்கள்.

பிளாட்டிசீரியம் என்ற இந்தப் பேரினம் மரத்தில் ஒட்டி வளர்வது. மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. அதற்கு இரண்டு வகை இலை. அடியிலுள்ள வட்ட இலை கொஞ்ச நாள் பச்சையாக இருந்து, பிறகு தானாகவே காகிதம் போலக் காயும். காய்ந்த பிறகும் அதற்கு வேலை உண்டு: வேரை மூடி ஈரம் காக்கும், உதிர்ந்த சருகைப் பிடித்து மக்கவைக்கும். அதன் மேலேயே அடுத்த வட்ட இலை படரும். உரித்தால் வேர் வெளியே தெரிந்து காய்ந்துவிடும்.

இரண்டாவது வகையான நீள இலையின் நுனித் திட்டு வித்துத்தூள், அதாவது பெர்ன் இனம் பெருக்கும் தூள். நகத்தால் சுரண்டினால் வெல்வெட் மாதிரி பொடியாக வரும். தனித்தனி மேடாகப் பெயர்ந்து, பிசுபிசுப்பும் இருந்தால்தான் சாறு உறிஞ்சும் செதில் பூச்சி.

எனக்குக் கவலை உங்கள் தொட்டியைப் பற்றித்தான். செம்மண்ணும் தினசரித் தண்ணீரும் சேர்ந்தால், அதுவும் பெங்களூரு மழைக்காலத்தில், கிழங்கு, அதாவது வேரும் இலையும் கிளம்பும் தண்டு, அழுகிவிடும். நடுக்குருத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தப்பித்தது. கறுத்துக் கொழகொழவென்று நாற்றம் அடித்தால் அந்தச் செடியைத் தனியே எடுத்து வையுங்கள்.

நல்ல செடிகளை மண் உதிர்த்து, மரப்பலகையில் தேங்காய்நார் பரப்பி, நைலான் நூலால் கட்டுங்கள். குருத்தின் மேல் நூல் போகக்கூடாது. பலகையைத் தூக்கிப் பார்த்து, எடை குறைந்திருந்தால் மட்டும் பத்து நிமிடம் வாளித் தண்ணீரில் முக்கி எடுங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வாரம் இரண்டு முறை தேவைப்படலாம், மழையில் ஒரு முறையே அதிகம். நிழல்வலைக்குக் கீழே, காற்றோட்டமான இடம் போதும். இலைமேல் உள்ள வெள்ளைப் பூனைமுடியைத் தூசி என்று துடைத்துவிடாதீர்கள், ஈரம் ஆவியாவதைக் குறைப்பது அதுதான். வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் இரண்டும் அந்த முடியைக் கெடுக்கும், அதனால் வேண்டாம்.

அப்புறம், விற்பனைக்கு: பக்கக்கன்றுக்குச் சொந்த வட்ட இலை வந்த பிறகே பிரியுங்கள். நீங்கள் உரித்துவிட்ட செடிகளையும் புது வட்ட இலை வேரை மூடும்வரை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.