குணமாக்க முடியாதவரிடம் நர்சுக்கு என்ன வேலை?

"இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டரே சொன்னபிறகு ஹாஸ்பிஸ் நர்ஸ் என்னதான் செய்வார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஹாஸ்பிஸ் என்பது குணமாக்க முடியாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் வேதனை குறைத்துப் பராமரிக்கும் இடம். அங்கே நர்சுக்கு வேலை அப்போதுதான் கூடுகிறது.

முதலில் வலி. மார்ஃபின் என்ற கடுமையான வலி மருந்தின் பேரைக் கேட்டாலே நம் வீடுகளில் பயம். ஆனால் வாய்வழி மார்ஃபினை வலி தலைதூக்கும் முன்பே, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து. இதை மறந்தால் அது தனி வேதனை. லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் வலியுறுத்திய முறை இது. அவரும் முதலில் நர்ஸ்தான், டாக்டரானது பின்னால்.

அப்புறம் புண் கழுவிக் கட்டுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடுவது, காய்ந்த வாயை ஈரப்பஞ்சால் துடைப்பது.

கஷ்டமான பகுதி சொந்தக்காரர்கள்தான். "ஒரு குளுக்கோஸாவது ஏத்துங்க சிஸ்டர், பட்டினியா போகக்கூடாது" என்பார்கள். கடைசி நாட்களில் உடம்பு உணவைக் கேட்பதில்லை, ஏற்றும் நீர் வீக்கத்தையும் நெஞ்சுச் சளியையும் கூட்டலாம் என்று உட்கார்ந்து விளக்க வேண்டும். ஊரிலிருந்து சித்தப்பா வந்தால் மறுபடி முதலிலிருந்து!

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பராமரிப்பு வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.