சால்மன் மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி: பெர்மிட் பத்தி நீங்க கேட்ட கேள்விகள்

கொலம்பியா ஆத்து சால்மன் பத்தி எழுதினதுல இருந்து மீனைப் பத்தி கேக்கறவங்களை விட, ஆய்வுக்கு மீனைப் பிடிக்க வாங்கற பெர்மிட்டைப் பத்தி கேக்கறவங்கதான் அதிகமா இருக்காங்க. நான் வக்கீல் இல்ல, ஒரேகன் வாஷிங்டன் பக்கம் ஓடை ஓடையா இறங்கி குஞ்சு மீன் எண்ணிக்கிட்டு இருக்கற ஆளு, பெர்மிட் வாங்கியும் இருக்கேன், திட்டும் வாங்கியிருக்கேன். அந்த அனுபவத்துல சொல்றேன். மத்த நாட்டுக் கதையெல்லாம் இங்க வராது, அமெரிக்க மேற்குக் கரை மட்டும்தான்.

கேள்வி: அண்ணா, நான் ஒரேகன்ல எம்.எஸ் படிக்கிறேன். குஞ்சு சினூக் (சால்மன்ல ஒரு வகை) என்ன சாப்பிடுதுன்னு தீசிஸ். மீனைக் கொல்லப் போறதில்ல, பிடிச்சு வயித்தைக் கழுவிப் பாத்துட்டு அப்படியே விட்டுருவேன். இதுக்குமா பெர்மிட்?

இதுக்குத்தான் தம்பி பெர்மிட்டே. 1973-ல வந்த எண்டேஞ்சர்ட் ஸ்பீசீஸ் ஆக்ட்ல (அழியற நிலைல இருக்கற உயிரினங்களைக் காக்கற அமெரிக்கச் சட்டம்) "டேக்"னு (take) ஒரு வார்த்தை இருக்கு, மொத்த சட்டமும் அதைச் சுத்திதான் நிக்குது. கொல்றது மட்டும் டேக் இல்ல, பிடிக்கிறது, காயப்படுத்துறது, விரட்டுறது, தொந்தரவு பண்றது, இதையெல்லாம் பண்ண முயற்சி பண்றதுகூட டேக்தான். நீ வலையில அள்ளி, பக்கெட்ல மயக்க மருந்து போட்டு, வாய்க்குள்ள தண்ணி பீய்ச்சி, வயித்துல இருக்கறதை வெளிய எடுக்கற, இதுல எத்தனை டேக்குன்னு நீயே எண்ணிக்கோ. ஸ்நார்க்கல் மாட்டிக்கிட்டு குப்புற மிதந்து எண்றவங்களுக்குக்கூட விண்ணப்பத்துல தனி வரி இருக்கு, "பாக்கறது, தொந்தரவு பண்றது"ன்னு. மீன் நம்மளைப் பாத்து ஒதுங்கி ஓடுதுல்ல, அதுவே கணக்கு.

 

கேள்வி: ரெண்டு வகை பெர்மிட்னு சொல்றாங்களே, செக்‌ஷன் 10, 4 டின்னு, எது நமக்கு?

மீனோட பட்டத்தைப் பொறுத்தது. மேற்குக் கரையில சால்மன், ஸ்டீல்ஹெட் (கடலுக்குப் போய் வர்ற ட்ரௌட்) ரெண்டும் சேத்து 28 கூட்டம், அதாவது அந்தந்தப் பகுதிக்குன்னு தனியா இருக்கற மீன் குழு, இந்தச் சட்டத்துக்குக் கீழ இருக்கு. அதுல 5 மட்டும் "எண்டேஞ்சர்ட்", அதாவது அழிவோட விளிம்பு (சாக்கை, கோஹோவும் சால்மன் வகைதான்): ஸ்நேக் ரிவர் சாக்கை, மேல் கொலம்பியா வசந்தகால சினூக், சாக்ரமெண்டோ குளிர்கால சினூக், மத்திய கலிஃபோர்னியா கரை கோஹோ, தெற்கு கலிஃபோர்னியா ஸ்டீல்ஹெட். இதுல எதைத் தொட்டாலும் நேரா நோவா ஃபிஷரீஸ்கிட்ட (கடல் மீன்களைப் பாத்துக்கற அமெரிக்க மத்திய அரசுத் துறை) இந்தச் சட்டத்தோட செக்‌ஷன் 10 பெர்மிட்தான், வேற வழியே இல்ல. மீதி 23-ம் "த்ரெட்டன்ட்", ஒரு படி கீழ. அதுக்கு 4 டி விதின்னு ஒரு சுலபமான வாசல் இருக்கு, மாநில மீன்துறை வழியா போற ஆய்வுத் திட்டங்களை மொத்தமா கட்டி வருஷா வருஷம் ஒப்புதல் வாங்குவாங்க.

செக்‌ஷன் 10 அஞ்சு வருஷம் வரைக்கும் வரும், ஆனா வர்றதுக்கு நேரமாகும். ஃபெடரல் ரெஜிஸ்டர்ல (மத்திய அரசிதழ்) அறிவிப்பு போட்டு 30 நாள் பொதுமக்கள் கருத்து கேக்கணும், அப்புறம் அவங்களே உக்காந்து இந்த ஆய்வால கூட்டத்துக்கு ஆபத்து இருக்கான்னு பயலாஜிக்கல் ஒப்பினியன் எழுதணும். ஜூன்ல ஓடையில இறங்கணும்னா மார்ச்ல விண்ணப்பம் போடுறவன் அந்த வருஷம் கரையில நின்னு வேடிக்கைதான் பாப்பான். முந்தின வருஷமே ஆரம்பிச்சுடுங்க. 4 டியும் அப்படித்தான், அடுத்த வருஷ வேலைக்கு முந்தின வருஷ இலையுதிர் காலத்துலயே மாநிலத்துக்கிட்ட போயிருக்கணும்.

கேள்வி: எத்தனை மீன்னு போடணும்? எங்க ப்ரொஃபசர் "கொஞ்சம் தாராளமா போட்டுக்கோ"ன்னு சொல்றார்.

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா நான் பாத்த விண்ணப்பங்கள்ல பாதி இங்கதான் சொதப்புது.

விண்ணப்பத்துல ஒரு பெரிய அட்டவணை இருக்கும். எந்தக் கூட்டம், குஞ்சா பெரிய மீனா, காட்டு மீனா ஹேட்சரி (குஞ்சு பொரிச்சு வளக்கற பண்ணை) மீனா, எப்படிப் பிடிப்ப, பிடிச்சு என்ன பண்ணுவ, அப்படி எத்தனை, அதுல தவறிப்போய் எத்தனை சாகும்னு ஒவ்வொரு வரியா போடணும். கடைசி நம்பரைப் போடத்தான் எல்லாரும் கூச்சப்படுறாங்க, சைபர்னு போட்டா நல்ல பிள்ளைன்னு நினைப்பாங்கன்னு. நினைக்க மாட்டாங்க. 1,000 குஞ்சைப் பிடிச்சு மயக்கி அளந்து விடுறவன் ஒண்ணுகூட சாகாதுன்னு சொன்னா, இவன் ஓடையிலயே இறங்கினதில்லன்னுதான் நினைப்பாங்க.

தாராளமா போட்டா என்னன்னா, நீ போடுற நம்பரை அவங்க தனியா பாக்கறதில்ல. அதே கூட்டத்து மேல எத்தனை பேர் பெர்மிட் வச்சிருக்காங்களோ எல்லார் கணக்கையும் கூட்டி, அந்த வருஷம் எத்தனை மீன் இருக்குங்கற மதிப்பீட்டோட வச்சுப் பாப்பாங்க. நீ சும்மா எழுதி வச்ச 500, இன்னொரு பொண்ணோட ஆய்வுக்குக் கிடைச்சிருக்க வேண்டிய 500. ரேஷன் கடைல தேவையில்லாம ரெண்டு மூட்டை எழுதி வைக்கிற மாதிரிதான்.

கம்மியா போட்டா வேற தலைவலி. நம்பரைத் தாண்டினா, இல்ல தாண்டப் போற மாதிரி இருந்தாலே, வேலையை நிறுத்திட்டு ரெண்டு நாளைக்குள்ள சொல்லியாகணும். நான் ஒரு வருஷம் ஸ்க்ரூ ட்ராப் போட்டிருந்தேன், அது தண்ணி வேகத்துல சுத்துற பெரிய கூம்பு, கீழ போற குஞ்சு எல்லாம் பின்னாடி பெட்டியில வந்து விழும். ஒரு ராத்திரி மழை பெஞ்சு இலையும் குச்சியும் வந்து அடைச்சுக்கிச்சு, காலைல போய்ப் பாத்தா பெட்டி முழுக்க சருகு, அதுக்கு அடியில நசுங்கின குஞ்சுங்க. சீசன் முழுக்கன்னு எழுதி வச்ச சாவுக் கணக்குல பாதிக்கு மேல அந்த ஒரே ராத்திரில போச்சு. கூம்பைத் தூக்கி நிறுத்திட்டு கரையில உக்காந்து ஒவ்வொண்ணா எண்ணினேன், கை நடுங்குச்சு. அன்னிக்கே பெர்மிட் ஆஃபீஸுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவங்க திட்டல, வானிலை அறிக்கை பாத்தியான்னு மட்டும் கேட்டாங்க, அது திட்டை விட மோசமா இருந்துச்சு. இப்பல்லாம் மழைன்னு சொன்னாலே கூம்பைத் தூக்கிடறேன்.

நம்பரோட கனம் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும்ங்கறதையும் பாருங்க. ஐடஹோல ரெட்ஃபிஷ் லேக்னு ஒண்ணு இருக்கு, கடல்ல இருந்து சுமார் 900 மைல், வழியில 8 அணை. ஸ்நேக் ரிவர் சாக்கை அங்கதான் முட்டை போட ஏறி வரணும். 1991-ல பட்டியல்ல சேத்தாங்க, 1992-ல திரும்பி வந்தது ஒரே ஒரு ஆண் மீன். லோன்சம் லாரின்னு பேரே வச்சாங்க. அதோட விந்தைச் சேமிச்சு வச்சு, மத்த வருஷம் வந்த ஒண்ணு ரெண்டையும் பிடிச்சு தொட்டியில வளத்துதான் அந்த வம்சமே இன்னிக்கு ஓடுது. அந்தப் பிடிச்சு வளக்கற வேலைக்கும் இதே சட்டத்துலதான் பெர்மிட். அங்க "ஒண்ணு ரெண்டு சாகலாம்"னு எழுத உனக்குக் கை வருமா?

கேள்வி: ஹேட்சரி மீனுக்கும் இந்தப் பாடு உண்டா?

முதுகுத் துடுப்புக்குப் பின்னாடி வாலுக்கு முன்னாடி குட்டியா ஒரு சதைத் துடுப்பு இருக்கும், அடிபோஸ் ஃபின். ஹேட்சரிக்காரங்க பெரும்பாலும் அதை வெட்டித்தான் விடுவாங்க. த்ரெட்டன்ட் கூட்டத்துல அந்தத் துடுப்பு வெட்டின ஹேட்சரி மீனுக்கு டேக் தடை கிடையாது, வெட்டாததுக்கு உண்டு. எண்டேஞ்சர்ட் கூட்டம்னா வெட்டினாலும் வெட்டலைன்னாலும் ஒண்ணுதான், தொடாதே.

கேள்வி: எங்க ஊர்ல ஏரியில திருட்டுத்தனமா கரண்ட் விட்டு மீன் பிடிப்பாங்க, போலீஸ் பிடிக்கும். அங்க சயின்டிஸ்டே கரண்ட் வைக்கிறாங்களாமே, அது மட்டும் நியாயமா?

சிரிச்சுட்டேன், ஆனா கேள்வி சரியானது. தத்துவம் ஒண்ணுதான், தண்ணியில கரண்ட் விட்டா மீன் மரத்துப் போகும். நம்ம ஊர்ல லைன்ல கொக்கி போட்டு இழுக்கறது ஏசி, அது மீனோட முதுகெலும்பையே ஒடைக்கும், இறங்கின ஆளும் செத்துப்போறதுண்டு. இங்க முதுகுல மாட்டுற பேட்டரிப் பெட்டி, ஏசிக்கு இடமே இல்ல, டிசி மட்டும்தான். நோவா 2000-ல போட்ட வழிகாட்டி இன்னும் எல்லார் பெர்மிட்லயும் ஒட்டிக்கிட்டு வரும்: முதல்ல தண்ணி எவ்வளவு கரண்ட் கடத்துதுன்னு அளக்கணும், குறைஞ்ச வோல்ட்ல ஆரம்பிக்கணும், குழுத் தலைவருக்கு குறைஞ்சது 100 மணி நேரம் அனுபவம் இருக்கணும், தண்ணி 18 டிகிரி செல்சியஸ் தாண்டினா மூட்டை கட்டிட்டு வீட்டுக்குப் போகணும், முட்டை போடுற பெரிய மீன் இருந்தாலோ கூழாங்கல்லுக்குள்ள முட்டைக் குழி இருந்தாலோ அங்க கிட்டயே வரக்கூடாது. ஆகஸ்ட்ல மத்தியானம் 12 மணிக்கு 18 தாண்டிடும், அதனால நாங்க விடியற்காலை அஞ்சு மணிக்கே பல்லு நடுங்க இறங்குவோம். இவ்வளவு பண்ணியும் எனக்கு இந்த முறை மேல பெரிய பிரியம் கிடையாது. ஸ்நார்க்கல் போட்டு எண்ண முடியும்னா எண்ணிட்டுப் போயிடலாம்னுதான் சொல்வேன்.

கேள்வி: ரெயின்போ ட்ரௌட் ஊட்டியிலயே கிடைக்குது. அதுக்கு எதுக்கு இவ்வளவு பாதுகாப்பு?

நீங்க சொல்றது நீலகிரி அவலாஞ்சி பக்கத்து ட்ரௌட், வெள்ளைக்காரங்க காலத்துல கொண்டுவந்து விட்டது, அங்க அது விருந்தாளி. இங்க அது சொந்த ஊர்க்காரன். அதோட சுவாரஸ்யம் என்னன்னா ரெயின்போ ட்ரௌட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். ஓடையிலயே தங்கிட்டா ரெயின்போ, கடலுக்குப் போய் பெருத்து திரும்பி வந்தா ஸ்டீல்ஹெட். சட்டப் பாதுகாப்பு கடலுக்குப் போறதுக்கு மட்டும்தான். ஆனா விரல் நீளத்துக் குஞ்சா இருக்கும்போது எது ஊரை விட்டுப் போகும், எது வீட்டோட இருக்கும்னு யாருக்குத் தெரியும், அதோட அம்மாவுக்கே தெரியாது. அதனால கடல்ல இருந்து மீன் ஏறி வரக்கூடிய இடம்னா எல்லாக் குஞ்சையும் ஸ்டீல்ஹெட்டுன்னே கணக்குல எழுதிடுங்க. தாண்ட முடியாத அணைக்கு மேலன்னா வேற கதை.

கேள்வி: புல் ட்ரௌட்டுக்கும் நோவாதானா?

இல்ல. அது சால்மனோட சொந்தக்கார மீன், ஆனா நன்னீர் மீன் கணக்குல ஃபிஷ் அண்ட் வைல்ட்லைஃப் சர்வீஸ்ங்கற இன்னொரு மத்திய அரசுத் துறைகிட்ட போகும். ஒரே ஓடையில சினூக்கும் புல் ட்ரௌட்டும் இருந்தா ரெண்டு ஆஃபீஸ், ரெண்டு பெர்மிட். அதோட மாநிலத்தோட கலெக்டிங் பெர்மிட் தனி, யுனிவர்சிட்டி விலங்குக் கமிட்டி தனி, நிலத்துக்காரர் அனுமதி தனி, பழங்குடி நிலம்னா அந்த ட்ரைப்கிட்ட முதல்ல போய்க் கேளுங்க. ஸ்நேக் ரிவர் சாக்கையைப் பட்டியல்ல சேக்கச் சொல்லி 1990-ல மனு போட்டதே ஷோஷோன்-பேனக் ட்ரைப்தான், அவங்க ஆத்துக்கு ஃபெடரல் பேப்பரை ஆட்டிக்கிட்டு போறது அசிங்கம்.

கேள்வி: பையனுக்கு ஸ்கூல் சயின்ஸ் ப்ராஜெக்ட். ஓடைத் தண்ணி எடுத்து டிஎன்ஏ பாக்கலாம்னு டீச்சர் சொல்றாங்க.

கரையில நின்னு ஒரு பாட்டில் தண்ணி மொண்டுக்கிட்டா மீனைத் தொடலை, டேக் இல்ல. ஆனா இலையுதிர் காலத்துல ஓடைக்குள்ள இறங்கி நடக்க வேண்டாம், வெளுப்பா தெரியற கூழாங்கல் மேடு முட்டைக் குழியா இருக்கும், ஒரு மிதி போதும். செத்துக் கிடக்கற சால்மனையும் வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க, செத்த மீன்ல சாம்பிள் எடுக்கறதுக்கும் பெர்மிட்ல தனி வரி இருக்கு. ஃபோட்டோ எடுத்துக்கங்க.

கேள்வி: எனக்கு இது ஏமாத்து வேலையா படுது. மீனவன் ஒண்ணு பிடிச்சா ஃபைன், டாக்டரேட் வாங்கறவன் பத்து கொன்னா ஆராய்ச்சி. அரசாங்கமே கொல்ல லைசென்ஸ் குடுக்குது.

கோபம் புரியுது, பாதி நியாயமும் இருக்கு. காதுக்குள்ள இருக்கற ஓட்டோலித் கல்லை எடுத்து வயசு பாக்கணும்னா மீனைக் கொன்னுதான் ஆகணும். அதனாலதான் ஆஃபீஸ்ல முதல்ல கேக்கறது, பட்டியல்ல இல்லாத மீனை வச்சுப் பண்ண முடியாதா, ஏற்கெனவே வேற யாராவது பண்ணிட்டாங்களான்னு. சியாட்டில் பக்கம் மழை பெஞ்சா கோஹோ முட்டை போடுறதுக்கு முன்னாடியே துடிச்சுச் செத்துக்கிட்டு இருந்துச்சு, பல வருஷம் காரணம் தெரியல. 2020-ல டயர் ரப்பர்ல இருந்து வர்ற 6பிபிடி-குவினோன்னு கண்டுபிடிச்சாங்க, அது ஹேட்சரி கோஹோ குஞ்சை வச்சு சோதிச்சதுதான். அந்தக் குஞ்சுங்க செத்துதான் அந்த விஷத்துக்குப் பேரு தெரிஞ்சுது, இப்ப பட்டியல்ல இருக்கற கோஹோ கூட்டங்களுக்கும் அது உதவுது. அதே சமயம், பத்து வருஷமா ஒரே ஓடையில ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டு பெர்மிட்டைப் புதுப்பிச்சுக்கிட்டு இருக்கறவங்களும் இருக்காங்க, எனக்கும் அது பிடிக்காது. அந்த 30 நாள் கருத்துக் கேப்புல நீங்க எழுதலாம், யாரு வேணும்னாலும் எழுதலாம், ஆனா பெரும்பாலும் ஒருத்தரும் எழுதறதில்ல. பெர்மிட் இல்லாம தெரிஞ்சே பண்ணா சயின்டிஸ்டுக்கும் மீனவனுக்கும் ஒரே சட்டம்தான், 50,000 டாலர் வரைக்கும் அபராதமும் ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலும் எழுதி வச்சிருக்கு.

கேள்வி: பெர்மிட் கிடைச்சுது, ஆனா ஃபண்டு வரல, இந்த வருஷம் ஓடைப் பக்கமே போகல. ரிப்போர்ட் போடணுமா?

போடணும். ஜனவரிக் கடைசிக்குள்ள, ஒவ்வொரு வரியிலயும் சைபர் போட்டு அனுப்புங்க. நீங்க தொடாத மீனும் அவங்க கூட்டுற கணக்குல இருக்கு.