இணையதளத்தில் எழுத்தளவை பிக்சலில் கொடுத்தால் என்ன தப்பு? ரெம் (பயனர் பிரவுசரில் வைத்த எழுத்தளவைப் பின்பற்றும் அலகு) கட்டாயமா? எழுத்தைப் பெரிதாக்க, சிறிதாக்க ஏ+ ஏ- பொத்தான்கள் வைத்தால் போதாதா?

கட்டாயம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. 200 சதவீதம் வரை எழுத்தைப் பெரிதாக்கினாலும் உள்ளடக்கமோ வேலையோ கெடக்கூடாது என்பதுதான் வெப் அக்சஸிபிலிட்டி (எல்லோரும் தளத்தைப் பயன்படுத்த முடிவது) வழிகாட்டுதலில் 1.4.4 என்ற பகுதி கேட்பது. கன்ட்ரோலும் ப்ளஸும் அழுத்தி ஜூம் செய்தால் பிக்சலில் கொடுத்த எழுத்தும் வளரும், அதனால் பிக்சலை வைத்துக்கொண்டே அதில் தேறிவிடலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தேன், என் மாமா அல்சூரிலிருந்து போன் போடும் வரை.

நான் பெல்லந்தூரில் பஸ் டிக்கெட் பதிவு செய்யும் தளம் ஒன்றில் முன்பக்க வேலை (பயனர் பார்க்கும் பக்கங்களைச் செய்வது) பார்க்கிறேன். மாமா தன் பழைய லேப்டாப்பில், குரோம் செட்டிங்ஸுக்குள் போய் எழுத்தளவை 'வெரி லார்ஜ்' என்று வைத்திருக்கிறார். அதாவது வழக்கமான 16 பிக்சல் 24 ஆகிறது. மற்ற தளங்களில் எல்லாம் எழுத்து பெரிதாகிறது, எங்கள் தளம் மட்டும் அசையவில்லை. காரணம் நான்தான்: எல்லா இடத்திலும் பிக்சல், போதாததற்கு பக்கம் முழுவதற்கும் அடிப்படையான எச்டிஎம்எல் டேகிலேயே 16 பிக்சல் என்று ஆணி அடித்து வைத்திருந்தேன். ஜூம் பிக்சலையும் சேர்த்து இழுக்கும், இந்த செட்டிங் பிக்சலைத் தொடாது. இந்த வித்தியாசம்தான் உங்கள் கேள்விக்குப் பாதி பதில்.

சரி என்று ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் ரெம்முக்கு மாற்றி, பெருமையாக மாமாவிடம் சொன்னேன். அன்று ராத்திரியே போன். "மாப்ளே, சேலம் பஸ் பத்தேகாலுக்கா, பத்தே முக்காலுக்கா?"

போய்ப் பார்த்தால், போர்டிங் பாயின்ட் பெட்டிக்கு உயரம் 48 பிக்சல். மேல் வரியில் 'மடிவாளா', கீழ் வரியில் நேரம், 16 பிக்சல் எழுத்தில் வரிக்கு 24 வீதம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. எழுத்து 24 ஆனதும் வரி ஒன்றுக்கு 36 வேண்டும், இரண்டுக்கும் 72. மிஞ்சியதை ஓவர்ஃப்ளோ ஹிடன் (பெட்டிக்கு வெளியே போவதை மறைக்கும் கட்டளை) விழுங்கிவிட, நேரத்தில் எண்களின் உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது. பிக்சலில் இருந்தபோது சின்னதாகவாவது முழுசாகத் தெரிந்ததை நான் ரெம் போட்டுக் கெடுத்திருக்கிறேன்!

அதனால் அலகைவிடப் பெட்டியைத்தான் முதலில் பாருங்கள் என்பேன். எழுத்து இருக்கும் எதற்கும் ஹைட் (நிலையான உயரம்) கொடுக்காதீர்கள், வேண்டுமானால் மின்-ஹைட்டும் (குறைந்தபட்ச உயரம்) பேடிங்கும் (உள் இடைவெளி) போதும். எச்டிஎம்எல்லுக்கு எழுத்தளவே எழுதாமல் விடுங்கள், கணக்குக்கு வசதியாக (16 பிக்சல் 10 ஆகும்) 62.5 சதவீதம் வைப்பவர்களும் உண்டு, அதுவும் பயனரின் அளவை மதிக்கும். எழுத்தளவை வெறும் விடபிள்யூவில் (திரை அகலத்தின் நூற்றில் ஒரு பங்கு) கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அது திரையின் அகலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் ஜூம் செய்தாலும் வளராது.

தமிழில் இன்னொரு தொல்லை. லைன்-ஹைட் (வரியின் உயரம்) 1.2 என்று ஆங்கிலத்துக்கு வைத்ததை அப்படியே விட்டால் மேல் வரியின் 'கூ'வும் கீழ் வரியின் 'கி'யும் உரசும். நான் அலகு போடாமல் 1.6 வைக்கிறேன். 'உறுதிப்படுத்துகிறேன்' மாதிரி நீளச் சொல் பொத்தானை விட்டு வெளியே போகும், அதற்கு ஓவர்ஃப்ளோ-ராப், நீளச் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும்.

சோதிக்க, குரோமில் மாமா மாதிரியே 24 வையுங்கள், அப்புறம் அதைப் பழையபடி ஆக்கிவிட்டு ஜூமை 200 வரை ஏற்றுங்கள். இரண்டும் வேறு வேறு இடத்தில் உடைக்கும்.

ஏ+ ஏ- பொத்தான்களா? பிரவுசரிலேயே இருக்கிற வசதிக்கு எதற்கு இன்னொன்று. எங்கள் தளத்திலும் கொஞ்ச நாள் இருந்தது. பஸ்ஸில் போக ரத்த வகை எதற்குக் கேட்கிறார்கள் என்றார் மாமா.