முதல் 20 கல்லூரிகள் போதுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கிறோம்; அமெரிக்கக் குடியுரிமை உண்டு. மகளுக்கு ஜிபிஏ (கல்லூரி மதிப்பெண் சராசரி) 3.75, எம்கேட் (மருத்துவ நுழைவுத் தேர்வு) 512. தரவரிசையில் முதல் 20 மருத்துவக் கல்லூரிகள், கூடவே யூசியின், அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின், ஆறு மருத்துவக் கல்லூரிகள் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். இது போதுமா?

பதில்: போதாது. இதே மாதிரிப் பட்டியலோடு போய், மறு வருடம் முதலிலிருந்து தொடங்கிய வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். மகளின் எண்களில் குறை இல்லை. எம்.டி. (அமெரிக்காவில் அடிப்படை மருத்துவப் பட்டம்) கல்லூரிகளில் சேருபவர்களின் சராசரியை ஒட்டித்தான் இருக்கின்றன. ஆனால் விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கும் மேல் எங்குமே இடம் கிடைக்காமல் திரும்புகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம், 'முதல் 20' என்ற வரிசையே இப்போது இல்லை. ஹார்வர்ட் 2023 ஜனவரியில் யு.எஸ். நியூஸ் தரவரிசையிலிருந்து விலகியது, பின்னாலேயே வேறு பல கல்லூரிகளும் விலகின. 2024 முதல் அந்தப் பத்திரிகையே எண் போடுவதை விட்டுவிட்டு அடுக்குகளாகத்தான் பிரிக்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது எம்எஸ்ஏஆர். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் தரவுத்தளம். சந்தா உண்டு, கட்டிவிடுங்கள். ஒரு கல்லூரியின் பக்கத்தைத் திறந்ததும் எல்லோரும் எம்கேட் மீடியனுக்குத்தான் (நடு மதிப்பெண்) ஓடுவார்கள். நான் முதலில் பார்ப்பது வெளிமாநிலத்தார் கணக்கை: எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை நேர்காணலுக்கு அழைத்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள். 4,000 பேர் விண்ணப்பித்து 60 பேருக்கு நேர்காணல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீடியன் 509 என்று எவ்வளவு ஆசை காட்டினாலும் அது உங்களுக்கான கல்லூரி இல்லை. பல மாநில அரசுக் கல்லூரிகளின் கதை இதுதான். டெக்சாஸில் அரசுக் கல்லூரிகள் 90 சதவீத இடங்களைச் சொந்த மாநிலத்தாருக்கே ஒதுக்க வேண்டும்.

சொந்த மாநிலம் கைகொடுக்காதா என்றால், கலிஃபோர்னியாக்காரர்களுக்கு அந்தச் சலுகை பெயரளவில்தான், கூட்டம் அப்படி. ஆறு யூசிகளும் ஒன்றுபோல இல்லை. அவற்றில் ரிவர்சைடு, கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தன் சுற்றுவட்டாரத்தோடு தொடர்புள்ளவர்களையே தேடுகிறது. மகள் அங்கே படித்ததோ சேவை செய்ததோ உண்டா? இல்லையென்றால் அந்த விண்ணப்பத்தில் எழுத ஒன்றும் இருக்காது.

ஆகவே பட்டியலின் நடுப்பகுதியை வெளிமாநிலத்தாரைத் தாராளமாக எடுக்கும் தனியார் கல்லூரிகளால் நிரப்புங்கள். அவற்றின் எம்கேட் வரம்பில் 512 நடுவாக்கில் விழ வேண்டும். பெரிய பெயர்களில் நாலைந்து இருக்கட்டும், ஆசைக்கு. டி.ஓ. (ஆஸ்டியோபதி வழி மருத்துவப் பட்டம்) கல்லூரிகள் நாலைந்தையும் சேருங்கள். நம் வீடுகளில் டி.ஓ. என்றாலே முகம் சுளிப்பார்கள், டி.ஓ.வும் முழு மருத்துவர்தான், 2020 முதல் எம்.டி., டி.ஓ. ரெசிடென்சிகளுக்கு (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) ஒரே அங்கீகார முறைதான். சில போட்டி மிகுந்த சிறப்புத் துறைகளில் எம்.டி.க்கு இன்னும் கை ஓங்கியிருப்பது உண்மை. மகளுக்கு அப்படிப்பட்ட துறையில்தான் மனம் என்றால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மொத்தம் 20, 25 தாண்ட வேண்டாம். ஒவ்வொரு கல்லூரியும் 'செகண்டரி' என்று தனிக் கட்டுரைகள் கேட்கும், பல இடங்களில் 100 டாலர் அளவுக்குக் கட்டணமும் உண்டு. ஜூலையில் அவை மொத்தமாக வந்து விழும்போது இருபதாவது கட்டுரை எந்த லட்சணத்தில் இருக்கும் என்று மகளிடமே கேளுங்கள்.

செலவையும் இப்போதே பேசிவிடுங்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர், அவ்வளவுதான். மிச்சம் கைக்காசு அல்லது தனியார் கடன்.

பட்டியல் முடிவாகவில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம். எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளமான ஆம்காஸில் ஜூன் தொடக்கத்திலேயே, கட்டாயம் போடப்போகிற ஒரே ஒரு கல்லூரியோடு சமர்ப்பித்தால் போதும், மதிப்பெண் சரிபார்ப்பு வரிசையில் இடம் கிடைத்துவிடும். மற்றக் கல்லூரிகளை அதற்கப்புறம் சேர்த்துக்கொள்ளலாம், திரும்ப வரிசையில் நிற்க வேண்டியதில்லை.