வினை அணியில் குறை எண்கள் வருவது பிழையா?

கேள்வி: ஹைட்ரஜன் குளோரைடு அயனிகளாகப் பிரிவதை அணிகளாக (நிரைகளும் நிரல்களுமாக எண்களை அடுக்கிய அட்டவணைகளாக) எழுதி, விளைபொருள் அணியிலிருந்து வினைபடுபொருள் அணியைக் கழித்தபோது குறை எண்கள் வந்தன. கட்டணம் பெற்று உதவும் ஒருவர், இது பிழை என்றும், அணியிலிருந்து கணக்கிடப்படும் ஒற்றை எண்ணான அணிக்கோவையைக் கொண்டு சரிபார்த்துத் தருவதாகவும் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: உங்கள் கணக்கு சரியானது. ஜேம்ஸ் டுகுன்ஜி என்ற கணிதவியலாளரும் இவார் ஊகி என்ற வேதியியலாளரும் 1973இல் முன்வைத்த இம்முறையில், மூலைவிட்டத்தில் அந்தந்த அணுவின் பிணைப்பில் சேராத இணைதிறன் எலக்ட்ரான்களும், மற்ற இடங்களில் இரு அணுக்களுக்கு இடையேயான பிணைப்புகளின் எண்ணிக்கையும் எழுதப்படுகின்றன. முதலில் ஹைட்ரஜனையும் அடுத்துக் குளோரினையும் வைத்தால், வினைக்கு முன் நிரைகள் (0, 1), (1, 6). வினைக்குப் பின் (0, 0), (0, 8). இவற்றின் வேறுபாடே வினை அணி: (0, −1), (−1, +2). பிணைப்பு அறுந்ததைக் குறை எண்கள் சொல்கின்றன, அதன் இரு எலக்ட்ரான்களும் குளோரினிடம் சேர்ந்ததை +2 சொல்கிறது. எலக்ட்ரான் புதிதாகப் பிறப்பதுமில்லை, மறைவதுமில்லை என்பதால் இவ்வணியின் உறுப்புகள் அனைத்தையும் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டிய முதல் சோதனை இதுதான். இதற்கு யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை.

அணிக்கோவை ஒத்துப்போனால் மூலக்கூறும் ஒன்றே என்று சொல்பவர்களிடம் மிகுந்த எச்சரிக்கையோடு இருங்கள். கார்பன் சட்டகத்தை மட்டும் எடுத்து, பிணைந்த இரு கார்பன்களுக்கு 1, பிணையாதவற்றுக்கு 0 என்று எழுதினால், 1,4-டைவினைல்பென்சீனும் 2-பினைல்பியூட்டாடையீனும் வெவ்வேறு மூலக்கூறுகளாக இருந்தும் ஒரே ஐகன் மதிப்புகளை (அணியிலிருந்து பெறப்படும் சிறப்பு எண்களை) தருகின்றன. அம்மதிப்புகளின் பெருக்கலாகிய அணிக்கோவையும் ஒன்றாகவே இருக்கும். மறுபுறம், அணுக்களுக்கு வேறு வரிசையில் எண்ணிட்டால் ஒரே மூலக்கூறின் அணியே வேறாகத் தோன்றும். 10 அணுக்களுக்கு 36,28,800 வரிசைகள் உண்டு. ஆகவே நிரைகளையும் நிரல்களையும் ஒருசேர இடம் மாற்றிப் பொருத்திப் பார்ப்பதே நேர்மையான ஒப்பீடு. அணிகளைக் கணிதத் தாளிலும் பிணைப்பை வேதியியல் தாளிலும் பிரித்து வைத்து, இரண்டையும் இணைத்துக் காட்ட எவரும் பொறுப்பேற்காத பாடத்திட்டம் இருக்கும்வரை, இந்த எளிய செய்திகூட விலைபோகத்தான் செய்யும்.

இரண்டு போரானும் ஆறு ஹைட்ரஜனும் கொண்ட டைபோரேனை இவ்வாறு எழுத முயலாதீர்கள். அதில் உள்ள இணைதிறன் எலக்ட்ரான்கள் 12 மட்டுமே. வெளிப்புற நான்கு பிணைப்புகளுக்கு 8 போக, மீதி 4 எலக்ட்ரான்கள், இரு போரான்களையும் ஒரு ஹைட்ரஜன் வழியே இணைக்கும் இரண்டு பாலங்களுக்கு வருகின்றன. ஒவ்வொரு பாலத்திலும் 2 எலக்ட்ரான்கள் மூன்று அணுக்களைப் பிணைக்கின்றன. அணியின் ஓரிடமோ இரண்டு அணுக்களைப் பற்றி மட்டுமே பேசும். பாலத்தின் ஒவ்வொரு போரான்–ஹைட்ரஜன் இடத்திலும் 1 என்று எழுதினால் மொத்தம் 16 எலக்ட்ரான்கள் ஆகிவிடும். ½ என்று எழுதினால் கூட்டுத்தொகை சரியாக வரும், ஆனால் முழு எண்களை எதிர்பார்த்து எழுதப்பட்ட கணினி நிரல்கள் அதை ஏற்காது.