குடியை நிறுத்துவது: மனநல மருத்துவரிடம் கேட்டவை

கே: ராத்திரி மட்டும்தான் குடிக்கிறேன், வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன். இது நோயா டாக்டர்?

ப: வேலைக்குப் போவது அளவுகோல் இல்லை. நாங்கள் முதலில் கேட்பது நாலே கேள்வி. குடியைக் குறைக்க வேண்டும் என்று நினைத்ததுண்டா? யாராவது அதைச் சொன்னால் எரிச்சல் வருகிறதா? குடித்ததை நினைத்துக் குற்ற உணர்வு வந்ததா? காலையில் கை நடுக்கம் அடங்க ஒரு வாய் தேவைப்பட்டதா? இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால் நேரில் வாருங்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் ‘ஆமாம்’ என்றாலும் வாருங்கள்.

கே: காபி குடித்தால் போதை இறங்குமா?

ப: இறங்காது. தூக்கம் கலைந்த போதைதான் மிச்சம்.

கே: அண்ணன் தினமும் நிறையக் குடிப்பவர். நாளை முதல் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறார். அறையில் வைத்துப் பூட்டினால் போதுமா?

ப: பூட்டாதீர்கள். மது மூளையை அமுக்குகிறது; ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிப் பழகிவிடுகிறது. மதுவைச் சட்டென்று விட்டால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் பூச்சி ஊருகிறது என்பார், இல்லாத நூலை விரலால் இழுத்துக்கொண்டே இருப்பார். இது உயிரைப் பறிக்கக்கூடியது. மருத்துவமனையில் இதை அடக்க மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்போம். பி1 வைட்டமின் ஊசியும் போடுவோம். அந்த ஊசி இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பும் இடத்தை நம்பாதீர்கள், மூளை பாதிக்கலாம். சத்தியம் நல்லதுதான். மருத்துவரைப் பார்த்த பிறகு பண்ணட்டும்.

கே: கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்க மாத்திரை உண்டாமே?

ப: கலக்காதீர்கள் அம்மா. நீங்கள் கேட்பது டைசல்ஃபிராம். மது உடம்பில் உடைந்து அசிட்டால்டிஹைடு என்ற நச்சு ஆகும். அதற்கு மேல் உடையாமல் இந்த மருந்து தடுத்துவிடும். தெரிந்து விழுங்குபவர் பயந்து குடிக்காமல் இருப்பார், மருந்தின் வேலையே அந்தப் பயம்தான். தெரியாதவர் வழக்கம்போல ஊற்றிக்கொள்வார். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனம் என்றால் உயிரே போகலாம்.

கே: நான் பீர் மட்டும்தான், தினமும் அரை லிட்டர் பாட்டில் மூன்று. அது மதுவில் சேருமா?

ப: 5 சதவீத பீர் 1500 மில்லியில் 75 மில்லி ஆல்கஹால். 42 சதவீத விஸ்கி 180 மில்லியிலும் ஏறக்குறைய அதேதான். நீங்கள் தினமும் ஒரு குவார்ட்டர் அடிக்கிறீர்கள்.

கே: (வேறொருவர்) கணக்கு தப்பு சார். பீர் சிறுநீரில் போய்விடும்.

ப: போவது தண்ணீர். ஆல்கஹாலில் 90 சதவீதத்துக்கு மேல் உடம்புக்குள்ளேயே, பெரும்பாலும் ஈரலில்தான் உடைகிறது. பாத்ரூமுக்கு எத்தனை நடை போனாலும் அந்த வேலை குறையாது.

கே: (அவரே) என் ஈரல் டெஸ்ட் நார்மல்.

ப: கொழுப்பு படிந்த ஈரலிலும் அந்த டெஸ்ட் நார்மலாக வரும். பீர் வழக்கை இதோடு முடிக்கலாமா? நீங்களும் தினசரி ஆள் என்றால் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

கே: தெரியாமல் கலக்க, வாசனை இல்லாத மருந்து...

ப: மேலே டைசல்ஃபிராம் பற்றிச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கே: ஆறு மாதம் தொடாமல் இருந்த தம்பி நேற்று குடித்துவிட்டான். எல்லாம் போச்சா?

ப: போகவில்லை. சறுக்குவது இந்த நோயில் சகஜம். ஏன் குடித்தாய் என்று கேட்காதீர்கள். குடிப்பதற்கு முந்தைய மணி நேரத்தில் எங்கே, யாரோடு இருந்தான் என்று கேளுங்கள். ஆசையைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் உண்டு. ஈரல், சிறுநீரகம் பார்த்துத்தான் எழுதுவோம். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கும் போகட்டும். 1935-இல் அதைத் தொடங்கிய இருவருமே குடிநோயாளிகள். அதில் ஒருவர் மருத்துவர், அவரும் நடுவில் ஒருமுறை சறுக்கியவர்தான்.