மூன்று போன், ஒரு இருப்புக் கணக்கு – கடிதம்

வணக்கம் சார்,

பெங்களூரில் எம்.டெக். முதலாண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் ‘மொபைல் அண்ட் டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங்’ என்று ஒரே பேப்பர். முதல் பாதி முழுக்க செல், ஹேண்ட்ஆஃப், மொபைல் ஐபி. பிற்பாதியில் லாம்போர்ட் கடிகாரம், கன்சென்சஸ், கேப் தேற்றம். சம்பந்தமில்லாத இரண்டு பாடத்தை ஒட்டுப்போட்டுவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

மினி ப்ராஜெக்டுக்கு அல்சூரில் மாமாவின் மளிகைக் கடையை எடுத்துக்கொண்டோம். கல்லாவில் ஒரு போன், குடோனில் ஒன்று, டெலிவரிப் பையனிடம் ஒன்று. மூன்றிலும் இருப்புக் கணக்கு ஓட வேண்டும். குடோன் பேஸ்மென்ட்டில் இருப்பதால் சிக்னல் வராது. நெட் போய்த் திரும்பினால் இருப்பு தப்பாகிறது. கடைசியாக எழுதிய போனின் கணக்கையே எடுத்துக்கொள்வது என்று நேரத்தை வைத்து எழுதிப் பார்த்தோம், சரியாகவில்லை. சில பில்கள் இரண்டு தடவை கழிகின்றன. எங்கள் கைடு மூன்று போனிலும் ராஃப்ட் (பல கணினிகள் ஓட்டுப் போட்டு ஒரே பதிவில் ஒத்துப்போகும் முறை) போடச் சொல்கிறார். நான்கு மாதம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

நித்யா, ஜீவன் பீமா நகர்

*

அன்புள்ள நித்யா,

உங்கள் பேப்பரின் இரண்டு பாதிகளும் சந்திக்கிற இடம் அந்த குடோன்தான். சர்வர்களுக்குள் எப்போதாவது நடக்கும் இணைப்பு முறிவு, போன்களுக்குள் தினமும் பலமுறை நடக்கிறது. எதிர்முனை செத்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா என்று இங்கிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. பிற்பாதிப் பாடம் முழுக்க இந்த ஒரு சங்கடத்திலிருந்து கிளைத்ததுதான்.

முதலில் இருப்பு. அரிசி 40 மூட்டை. கல்லா 3 விற்று 37 என்று எழுதுகிறது. சிக்னல் இல்லாத குடோன் 5 அனுப்பி 35 என்று எழுதுகிறது. கடைசியாக எழுதியதை எடுத்தால் 35 நிற்கும், அல்லது 37. சரியான விடை 32. மூன்று போன்களின் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போனாலும் இந்தத் தவறு நடக்கும். ஆகவே நேரத்தைச் சரிசெய்வதில் மெனக்கெடாதீர்கள். மீதி எவ்வளவு என்பதை அனுப்பாமல், என்ன நடந்தது என்பதை அனுப்புங்கள்: ‘மைனஸ் 3’, ‘மைனஸ் 5’. எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் கூட்டினால் 32 வரும்.

இதைச் செய்ததும் இரண்டு தடவை கழிகிற பிரச்சினை இன்னும் பளிச்சென்று தெரியும். சர்வர் 3 மூட்டையைக் கழித்துவிட்டது, பதில் வரும் வழியில் தொலைந்தது, போன் மறுபடி அனுப்புகிறது. மறுபடி அனுப்பாமல் இருக்க முடியாது, இருந்தால் பில் தொலையும். எனவே ஒவ்வொரு விற்பனைக்கும் ஓர் அடையாள எண் வேண்டும். அது பட்டனைத் தொட்ட கணத்தில் ஒரே ஒரு முறை உருவாகி, இருப்பு மாற்றத்தோடு ஒரே டிரான்சாக்‌ஷனில் போனின் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் பதிய வேண்டும், அதாவது இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும், இல்லையேல் இரண்டும் நடக்கக் கூடாது. அனுப்புகிற ஃபங்ஷனுக்குள் எண்ணை உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் வரும், போட்டும் போடாதது மாதிரிதான். சர்வரிலும் அப்படியே: எண்ணைப் பதிவதும் இருப்பைக் கழிப்பதும் ஒரே டிரான்சாக்‌ஷன். ஏற்கெனவே வந்த எண் என்றால் பிழை என்று திருப்பாதீர்கள், வெற்றி என்றே பதில் தாருங்கள். இல்லாவிட்டால் போன் முடிவில்லாமல் அனுப்பிக்கொண்டிருக்கும்.

எண்ணை ‘கல்லா-57’ என்று போன் பெயரும் வரிசை எண்ணுமாக வைக்கலாம். ஒரே போனின் எண்களை வரிசை தவறாமல் அனுப்பினால், கல்லாவிலிருந்து 57 வரை சேர்ந்துவிட்டது என்று சர்வர் ஒரே வரியில் சொல்லிவிடும். போன் அதற்குப் பிந்தையவற்றை மட்டும் தன் திரையில் கழித்துக் காட்டலாம். ஆனால் ஆப்பை அழித்து மறுபடி நிறுவினால் வரிசை 1-இலிருந்து தொடங்கும். சர்வரோ 57 வரை பார்த்தாயிற்று என்று அடுத்த 57 விற்பனைகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஒவ்வொரு நிறுவலுக்கும் புதிதாக ஒரு ரேண்டம் அடையாளம் கொடுங்கள், போனின் பெயரை நம்பாதீர்கள்.

கூட்டல் கழித்தலுக்கு வரிசை தேவையில்லை. விலைக்குத் தேவை. பாடத்தில் படிக்கிற கடிகாரங்களுக்கு இங்கேதான் வேலை. மூட்டை 1,450 ரூபாய், அதன் வெக்டர், அதாவது எந்தப் போன் எத்தனை முறை மாற்றியது என்ற எண்ணிக்கை, (1,0,0) என்று கொள்வோம். வரிசை கல்லா, குடோன், டெலிவரி. கல்லா 1,480 ஆக்குகிறது: (2,0,0). அதைப் பார்க்காத குடோன் 1,465 ஆக்குகிறது: (1,1,0). முதல் இடத்தில் கல்லா பெரிது, இரண்டாம் இடத்தில் குடோன் பெரிது. ஒன்றையொன்று அறியாமல் நடந்தவை என்று பொருள். இரண்டையும் மாமாவுக்குக் காட்டி அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். குடோன் 1,480-ஐப் பார்த்த பிறகு மாற்றியிருந்தால் (2,1,0) வந்திருக்கும், கேள்வியே இல்லாமல் ஏற்கலாம். லாம்போர்ட் 1978-இல் தந்த கடிகாரத்தில் போனுக்கு ஓர் எண்தான். அதில் இரண்டு மாற்றமும் 2 என்றே விழும், போன் பெயரை வைத்து ஒன்றைத் தள்ளுவீர்கள், தள்ளியது யாருக்கும் தெரியாது. தேர்வில் இரண்டுக்கும் வேறுபாடு கேட்டால் இந்த விலையையே எழுதிவிடலாம்.

இனி ராஃப்ட். உங்கள் கைடு ராஃப்ட் சொன்னதில் தவறில்லை, போனில் என்றதுதான் இடிக்கிறது. மூன்றில் இரண்டு போன்கள் விழித்திருந்து பேசினால்தான் ஒரு பில்லாவது பதிவாகும். ஆண்ட்ராய்டு 6-இலிருந்து (2015) ‘டோஸ்’ என்ற தூக்கநிலை இருக்கிறது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் போனின் நெட்வொர்க்கை அது தள்ளிப்போடும். ஓங்காரோவும் ஆஸ்டர்ஹவுட்டும் 2014-இல் வெளியிட்ட ராஃப்ட் கட்டுரையில் தேர்தல் டைம்அவுட், அதாவது லீடராக இருக்கும் கணினியிடமிருந்து செய்தி வராவிட்டால் புதுத் தேர்தல் தொடங்கும் வரை காத்திருக்கும் நேரம், 150 முதல் 300 மில்லிசெகண்ட். சும்மா கிடந்த போனின் ரேடியோ விழித்தெழுவதற்கே அதில் பெரும்பகுதி போய்விடலாம். நாள் முழுக்கத் தேர்தல்தான் நடக்கும், வியாபாரம் நடக்காது.

ராஃப்ட்டை சர்வர் பக்கம் வையுங்கள். ஒரு லேப்டாப்பில் மூன்று அல்லது ஐந்து ப்ராசஸ் போதும். ஐந்தில் இரண்டு செத்தாலும் ஓடும். நான்காக வைத்தால் ஒன்றைத்தான் தாங்கும், மூன்றும் அவ்வளவே தாங்கும் என்பதால் அது வீண். எம்ஐடியின் 6.5840 (பழைய எண் 6.824) பாடத்தின் ராஃப்ட் லேப் பொதுவில் இருக்கிறது. கோ மொழி, சோதனைகளோடு வரும். அதில் வழக்கமாகக் கால் இடறும் இடங்களைச் சொல்கிறேன்.

லீடர் மாறிக்கொண்டே இருந்தால் டைமரைப் பாருங்கள். நடப்பு லீடரிடமிருந்து செய்தி வந்தால், அல்லது நீங்கள் ஒருவருக்கு ஓட்டுப் போட்டால், அல்லது நீங்களே தேர்தல் தொடங்கினால் மட்டும் அதை ரீசெட் செய்ய வேண்டும். ஓட்டுக் கேட்டு வந்தாலே ரீசெட் செய்தால், பழைய லாக் (நடந்தவற்றின் வரிசைப் பதிவேடு) வைத்திருக்கும் ஒரு ப்ராசஸ் தானும் ஜெயிக்காமல் மற்றவர்களையும் நிற்கவிடாது. டெர்ம் (தேர்தல் சுற்றின் எண்), யாருக்கு ஓட்டு, லாக் மூன்றும் பதில் அனுப்புவதற்கு முன் டிஸ்க்கில் இருக்க வேண்டும். இல்லையேல் ரீஸ்டார்ட் ஆன ப்ராசஸ் ஒரே டெர்மில் இரண்டு பேருக்கு ஓட்டுப் போட்டு இரண்டு லீடரை உருவாக்கும். மியூட்டெக்ஸ் பூட்டைப் (ஒரு நேரத்தில் ஒருவரையே தரவைத் தொடவிடுவது) பிடித்துக்கொண்டே, இன்னொரு ப்ராசஸுக்கு அனுப்பிய ஆர்பிசி அழைப்பின் பதிலுக்குக் காத்திருந்தால் இரண்டு ப்ராசஸ்கள் ஒன்றையொன்று பார்த்து உறைந்து நிற்கும். கடைசியாக ஒன்று, பலரும் தவறவிடுவது: பெரும்பான்மைப் பிரதிகளை எண்ணி கமிட் செய்வது (இனி மாறாது என்று உறுதிசெய்வது) நடப்பு டெர்மின் பதிவுக்கு மட்டும்தான். பழைய டெர்ம் பதிவுகள் அதன் பின்னால் தானாகக் கமிட் ஆகும். சோதனை ஒருமுறை பாஸானதை நம்பாதீர்கள். ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடுவதைப் பிடிக்கும் ரேஸ் டிடெக்டரோடு நூறு முறை ஓட்டுங்கள்.

டைம்அவுட்டை ஏன் ரேண்டமாக வைக்கிறார்கள் என்று வைவாவில் கேட்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் நின்று ஓட்டுப் பிரியாமல் இருக்கத்தான். தூரத்தையும் கணக்குப் போட்டு வையுங்கள். ஃபைபரில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். பெங்களூர்–டெல்லி நேர்க்கோட்டில் சுமார் 1,700 கிலோமீட்டர், போய்வர 17 மில்லிசெகண்டுக்குக் குறையாது. மும்பைக்கு அதில் பாதி. மூன்று ஊரிலும் ஒவ்வொன்று வைத்து லீடர் பெங்களூரில் இருந்தால், மும்பை பதில் சொன்னதுமே கமிட் ஆகிவிடும். டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் பாதியில் மனப்பாடம் அதிகம், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹிட்டன் டெர்மினலுக்கு (ஒன்றையொன்று கேட்க முடியாத இரண்டு கருவிகள் ஒரே முனைக்கு அனுப்பி மோதுவது) படம் வரைந்து பழகுங்கள். உங்களுக்கு நேரடியாக உதவுவது ஒன்றுதான். கரண்ட் போனால் கடை வைஃபை போய் போன் டேட்டாவுக்கு மாறும், ஐபி முகவரி மாறும். டிசிபி இணைப்பு என்பது இருமுனை முகவரிகளும் போர்ட்களும்தான், அதில் ஒன்று மாறினாலே செத்தது. உங்கள் பதில்கள் தொலைகிற முக்கியமான கணம் இது. மொபைல் ஐபி இதை ஹோம் ஏஜென்ட் (போனின் நிலையான முகவரிக்கு வருவதை வாங்கித் திருப்பிவிடும் முனை) வழியாகச் சுற்றிவிட்டுத் தீர்க்கப் பார்த்தது. 2021-இல் ஆர்எஃப்சி 9000 என்ற இணையத் தர ஆவணம் ஆன க்விக் நெறிமுறை, இணைப்புக்குத் தனி அடையாள எண் கொடுத்துத் தீர்க்கிறது. உங்கள் விற்பனை எண்ணும் ஒரு மாடி மேலே அதே யோசனைதான்.

சோதனைக்கு நல்ல நெட்டை நம்பாதீர்கள். லினக்ஸில் ‘டிசி’ கருவியின் நெட்எம் கொண்டு 200 மில்லிசெகண்ட் தாமதம், 5 சதவீத இழப்பு வையுங்கள். அது வெளியே போகும் பாக்கெட்டை மட்டும் தொடும். லூப்பேக்கில் (லேப்டாப் தன்னோடு தானே பேசும் வழி) வைத்தால் இரு திசையும் அதன் வழியே போவதால் பிங் 400 காட்டும், பயப்பட வேண்டாம். வேலை முடிந்ததும் நீக்க மறந்தால் அன்று முழுக்க லேப்டாப் இழுக்கும். இதைவிட உபயோகமானது, பத்துக்கு ஒரு கோரிக்கையை முழுதாகப் பதிந்துவிட்டுப் பதில் அனுப்பாமல் இணைப்பை அறுக்கும்படி சர்வரில் ஓர் இஃப் போடுவது. இரட்டைக் கழிவு இருந்தால் பத்து நிமிடத்தில் வெளிவரும். டோஸைச் சோதிக்க ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை தரும் கருவி) மூலம் போனைக் கட்டாயமாகத் தூங்கவைக்கலாம். ஆண்ட்ராய்டில் பின்னணி வேலைகளை ஓட்டும் வொர்க்மேனேஜரில் திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். எனவே அதைப் பின்காவலாக வைத்துக்கொண்டு, ஆப் திறந்ததும் ஒருமுறை சிங்க் செய்யுங்கள்.

நான்கு மாதத்தில் முதல் மாதம் போன் பக்கம், அடுத்த இரண்டு ராஃப்ட், மீதி முழுக்க உடைத்துப் பார்ப்பது. ரிப்போர்ட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

கேப் தேற்றம் (எல்லாரும் ஒரே கணக்கைப் பார்ப்பது, எப்போதும் பதில் தருவது, இணைப்பு முறிந்தாலும் ஓடுவது மூன்றும் ஒருசேரக் கிடைக்காது என்பது) கேட்டால் ‘மூன்றில் இரண்டைத் தேர்வு செய்யலாம்’ என்று சொல்லிவிடாதீர்கள். ப்ரூவர் 2000-இல் ஊகமாகச் சொன்னதை கில்பர்ட்டும் லின்ச்சும் 2002-இல் நிறுவினார்கள். குடோனில் சிக்னல் போவது உங்கள் தேர்வு அல்ல, போன பிறகு என்ன செய்வது என்பதே உங்கள் தேர்வு. விற்பனையை நெட் இல்லாமலும் ஏற்கிறோம், இருப்பு மைனஸில் போனால் எண்ணிச் சரிசெய்கிறோம். இல்லாத மூட்டையை யாரும் தூக்கிப்போக முடியாது. கடன் வரம்பை மாற்ற மட்டும் நெட் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மறுக்கிறோம். ஒரே ஆப்பில் இரண்டு முடிவும் இருக்கிறது என்று அந்த இரண்டு திரைகளையும் திறந்து காட்டுங்கள்.

அன்புடன்